காலி செய்யும் வீட்டின் கணக்கு



கணக்குப் பார்த்தால் பிணக்கு வரும் என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. உற்றார் உறவினருக்குள் இது பொருந்தலாம். வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் இடையே இதனைக் கடைப்பிடித்தால் விபரீதமே விளைகிறது. குடிவரும் நாளில் கணக்குப் பார்க்கக் கூச்சப்பட்டுவிட்டு, காலி செய்யும் நாளில் அதனைத் தொடங்குவதனால்தான் பிணக்கு பிறக்கிறது. ஐந்தாறு ஆண்டுகள் முகம் கோணாமல் பழகிய இரு குடும்பங்கள், சுவரிலுள்ள நான்கு ஆணித் துளைகளின் பொருட்டு மனம் கசந்து பிரிவதைச் சென்னை நகரின் எந்தத் தெருவிலும் காணலாம். தீபாவளிக்குப் பலகாரத் தட்டும் பொங்கலுக்குக் கரும்பும் மாற்றிக்கொண்டவர்கள், சாவியை மாற்றிக்கொள்ளும் நாளில் ஒருவரை ஒருவர் ஏறிட்டும் பார்ப்பதில்லை.

இந்தப் பிணக்கு எங்கிருந்து தோன்றுகிறது, எந்தச் செலவு யாரைச் சேரும், இதனைத் தவிர்க்கும் வழி யாது என்பவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

முதலில் முன்பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அட்வான்ஸ் என்பதே மக்கள் அதற்கு வழங்கும் பெயர். பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்குவது சென்னையில் நெடுநாளைய வழக்கம். ஐந்து மாதம், ஆறு மாதம் என்று குறைத்து வாங்குவோரும் உண்டு. மாதம் 20,000 ரூபாய் வாடகையுள்ள வீட்டிற்குப் பத்து மாதக் கணக்கில் முன்பணம் 2,00,000 ரூபாய் ஆகிறது. மாதச் சம்பளத்தில் காலந்தள்ளும் குடும்பத்திற்கு இது சிறு தொகை அன்று. நகையை அடகு வைத்தோ, சேமநல நிதியிலிருந்து எடுத்தோ, உடன்பிறந்தாரிடம் கைமாற்று வாங்கியோ திரட்டிய பணம் அது. ஆண்டுக்கணக்கில் வட்டியின்றி வீட்டுக்காரரிடம் கிடக்கிறது. குடித்தனக்காரரும் அது தம் பணம் என்ற நினைவோடு அமைதியாக இருக்கிறார்.

வீடு மாறும் வேளையில்தான் அந்தப் பணத்தின் அருமை தெரிகிறது. புதிய வீட்டிற்குக் கொடுக்க வேண்டிய முன்பணம் பழைய வீட்டிலிருந்து வந்தாக வேண்டும். பழைய வீட்டுக்காரரோ, அடுத்து வரும் குடித்தனக்காரர் கொடுப்பதை வாங்கி இவருக்குக் கொடுக்கலாம் என்று எண்ணியிருக்கிறார். அந்த அடுத்தவரும் தாம் விட்டு வரும் வீட்டிலிருந்து பணத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார். இங்ஙனம் ஒரு சங்கிலியாக நகரமெங்கும் முன்பணம் கை மாறிக்கொண்டே இருக்கிறது. இதில் ஒரு கண்ணி தாமதித்தால், எங்கோ ஒரு குடும்பம் லாரியில் சாமான்களை ஏற்றிவிட்டு, நுழைய வீடின்றி நிற்கும் நிலைமை உண்டாகிறது. ஆகையால் வர்ணச் செலவு என்று பிடித்துக்கொள்ளும் 20,000 ரூபாயைச் சில்லறை விவகாரம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. பள்ளிக் கட்டணம் செலுத்துவதும் கடன் வாங்குவதும் அதனைப் பொறுத்து அமைகின்றன.

வீட்டுக்காரர் பக்கத்திலும் நியாயம் உண்டு. வீட்டுக்காரர் என்றாலே செல்வந்தர் என்று கருதிவிடலாகாது. ஓய்வு பெற்றபின் கைக்கு வந்த பணத்தையெல்லாம் போட்டு ஓர் அடுக்ககத்தில் இரண்டு அறை கொண்ட வீடு வாங்கி, அந்த வாடகையில் மருந்துச் செலவை நடத்தும் முதியவர்கள் பலர். வங்கிக் கடனுக்கு மாதத் தவணை கட்ட வாடகையை நம்பியிருப்பவர்களும் பலர். குடித்தனக்காரர் மூன்று மாத வாடகை பாக்கி வைத்துவிட்டு, மின் கட்டணமும் செலுத்தாமல் புறப்பட்டுவிட்டால் இவர்கள் என்ன செய்வார்கள்? முன்பணம் ஒன்றுதான் இவர்களுக்குக் காப்பு.

இருவருக்கும் அச்சம் இருப்பதனால்தான் கடைசி மாதங்களில் ஒரு விநோதம் நிகழ்கிறது. முன்பணம் முழுதாகத் திரும்பாது என்று ஐயுறும் குடித்தனக்காரர், வாடகை கொடுப்பதை நிறுத்திவிட்டு, "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்கிறார். வாடகை நின்றதைக் கண்ட வீட்டுக்காரர், இவர் வீட்டையும் பாழாக்கிவிட்டே போவார் என்று ஐயுறுகிறார். ஓர் ஐயம் மற்றோர் ஐயத்தைப் பெறுகிறது. சாவியைக் கொடுத்துவிட்டால் பிறகு பேசப் பிடிமானம் இராது என்பது ஒருவர் கவலை. பணத்தைக் கொடுத்துவிட்டால் பிறகு கேட்க வழியிராது என்பது மற்றவர் கவலை.

நிற்க. இந்தக் கணக்கைப் பற்றிச் சட்டம் என்ன சொல்லுகிறது?

நம் நாட்டில் குத்தகை, வாடகை உறவுகளுக்கு அடிப்படையாக இருப்பது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 108-ஆம் பிரிவு இரு தரப்பாரின் உரிமைகளையும் கடமைகளையும் வகுத்துச் சொல்லுகிறது. வாடகைக்கு எடுத்தவர், சொத்து தம் கைக்கு வந்தபோது எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே அதனைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. இரண்டு விலக்குகளும் உடனே சொல்லப்பட்டுள்ளன. நியாயமான தேய்மானத்தால் நேர்ந்த மாறுதல் ஒன்று. எதிர்த்து நிற்க இயலாத பேராற்றலால் நேர்ந்த மாறுதல் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் குடித்தனக்காரர் பொறுப்பாளி அல்லர்.

வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்வையிட்டுக் குறையைச் சுட்டிக்காட்டலாம் என்றும், அக்குறை குடித்தனக்காரரின் செயலால் விளைந்ததாயின் அறிவிப்புப் பெற்ற மூன்று மாதத்திற்குள் அவர் அதனைச் சரி செய்ய வேண்டும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. குறையை உரிய காலத்தில் எடுத்துச் சொல்லித் திருத்த இடங்கொடுப்பதே நேர்மையான முறை என்பது இதனால் பெறப்படும். ஆண்டுக்கணக்கில் ஒன்றும் சொல்லாதிருந்து, கடைசி நாளில் பட்டியலை நீட்டுவது அம்முறைக்கு மாறானது.

இந்த விதிகளெல்லாம் ஒரு முன்னுரையோடு தொடங்குகின்றன. இதற்கு மாறான ஒப்பந்தமோ உள்ளூர் வழக்கமோ இல்லாவிடில் என்பதே அம்முன்னுரை. இவ்விரு சொற்களும் மிக முக்கியமானவை. காலி செய்யும்போது ஒரு மாத வாடகையை வர்ணத்திற்குப் பிடிப்பது "ஊர் வழக்கம்" என்று வீட்டுக்காரர்கள் சொல்லக் கேட்கிறோம். வாடகை ஒப்பந்தத்திலும் அவ்வாறே ஒரு வரி எழுதப்பட்டிருக்கும். படித்துப் பாராமல் கையெழுத்திட்டவர், பின்னால் சட்டத்தைக் காட்டி அந்த வரியை மறுப்பது எளிதன்று.

சென்னை மாகாணத்தில் 1946, 1949, 1960 ஆகிய ஆண்டுகளில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுக்காரர் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது. ஆயினும் அச்சட்டம் நடப்பிலிருந்த காலத்திலேயேதான் பத்து மாத வழக்கம் நகரில் வேரூன்றியது. அதற்குப் பதிலாகத் தமிழ்நாடு அரசு 2017-ஆம் ஆண்டில் நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அது 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் நடைமுறைக்கு வந்தது. வேறு உடன்பாடு இல்லாவிடில் முன்பணம் மூன்று மாத வாடகையை விஞ்சலாகாது என்றும், வீடு காலியானபின் ஒரு மாதத்திற்குள், குடித்தனக்காரர் தரவேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்படவும் வேண்டும். விவகாரங்களைத் தீர்க்க வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம் என மூன்று படிகளும் அமைக்கப்பட்டன.

எந்தப் பழுது யாரைச் சேரும் என்பதற்கு இச்சட்டத்தின் அட்டவணை ஒரு பாகுபாடு தருகிறது. கட்டடத்தின் அமைப்பைச் சார்ந்த பழுதுகள், சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வர்ணம் பூசுதல், குழாய்ப் பாதைகளை மாற்றுதல், மின்கம்பி வேலைகள் ஆகியன உரிமையாளர் பொறுப்பு. குழாய்த் திருகு, வாசர், சாக்கடை அடைப்பு, மின் விசைப்பொத்தான், தாழ்ப்பாள், பூட்டு, சன்னல் கண்ணாடி போன்ற அன்றாடச் சிறு பழுதுகள் குடித்தனக்காரர் பொறுப்பு. வெள்ளையடிப்பது உரிமையாளர் பக்கத்தில் வைக்கப்பட்டிருப்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

இனித் தேய்மானம் என்பது யாது, சேதம் என்பது யாது என்று பிரித்தறிவோம். இந்த வேறுபாடு விளங்கிவிட்டால் விவகாரத்தில் முக்காற்பங்கு தீர்ந்துவிடும்.

ஒரு வீட்டில் மனிதர் வாழ்ந்தால் வாழ்ந்த சுவடு தெரியத்தான் செய்யும். அடுப்பிற்கு மேலுள்ள சுவர், நாள்தோறும் தாளிக்கும் புகையில் சற்று மங்குகிறது. நாற்காலியும் கட்டிலும் கிடந்த இடத்தில் தரை நிறம் மாறுகிறது. விசைப்பொத்தானைச் சுற்றி விரல் பட்ட கறை படிகிறது. மேற்கு வெயில் விழும் சுவரில் வர்ணம் வெளுக்கிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் சன்னல் கம்பிகளை உப்புக் காற்று அரிக்கிறது. ஆழ்குழாய்க் கிணற்று நீரின் உப்பு குளியலறைக் குழாய்களில் வெள்ளையாகப் படிகிறது. மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் ஐப்பசி கார்த்திகை மழைக்கு ஓதம் இறங்கிச் சுவர் பொருக்கு விடுகிறது. இவையாவும் காலமும் இயற்கையும் செய்யும் வேலை. வீடு பூட்டிக் கிடந்தாலும் இவற்றுள் பல நேர்ந்தே தீரும். வாடகை என்பது வீட்டைப் பயன்படுத்துவதற்குக் கொடுக்கும் கூலி. பயன்படுத்துவதால் உண்டாகும் தேய்வுக்கும் அதிலேயே விலை அடங்கியிருக்கிறது. மாதந்தோறும் வாங்கிய பொருளுக்கு இறுதியில் மறுபடியும் விலை கேட்பது முறையாகாது.

சேதம் என்பது வேறு. கூடத்தில் ஊஞ்சல் மாட்ட இசைவு கேளாமல் கூரையில் துளையிடுவதும், குளிர்சாதனப் பெட்டிக்காகச் சுவரை உடைத்துவிட்டு அடைக்காமல் போவதும், கிரைண்டரைத் தரையில் போட்டு ஓட்டுக்கல்லை உடைப்பதும், சமையல் மேடையில் சூடான பாத்திரத்தை வைத்துப் பிளவு உண்டாக்குவதும் சேதம். குழாய் ஒழுகுவதை மாதக்கணக்கில் சொல்லாமலிருந்து, அதனால் கீழ்வீட்டுக் கூரை ஊறிப்போவதும் சேதமே. இவற்றிற்குக் குடித்தனக்காரர் ஈடு கொடுக்க வேண்டும்.

பேராற்றலால் நேர்ந்த அழிவைச் சென்னை மக்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாற்று வெள்ளம் தரைத்தள வீடுகளுக்குள் புகுந்தது. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் பல பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் நின்றது. கதவுகள் உப்பின, சுவர்கள் நீரை உண்டன. தம் உடைமைகளை வெள்ளத்தில் இழந்த குடித்தனக்காரரிடம் கதவுக்கும் சுவருக்கும் பணம் கேட்பதற்கு 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்த விதியில் இடமில்லை.

இவ்விரண்டிற்கும் நடுவே ஐயத்திற்கிடமான சில உண்டு. ஆணித் துளை அவற்றுள் ஒன்று. நாட்காட்டி மாட்ட ஓர் ஆணி, சாமி படத்திற்கு இரண்டு ஆணி, மாவிலைத் தோரணம் கட்ட நிலையில் இரண்டு ஆணி என்பவை இல்லாமல் நம் வீடுகளில் குடும்பம் நடத்துவது இயலாது. அளவோடு இருந்தால் அது வாழ்க்கை. சுவர் முழுவதும் துளைத்து அலமாரி தொங்கவிட்டால் அது சேதம். வாசற்படியில் பூசிய மஞ்சள் குங்குமமும், பூசையறைச் சுவரில் படிந்த விளக்குப் புகையும் அவ்வாறே. ஒரே சமூகத்தில் வாழ்கிற இரு தரப்பாரும் இவற்றைப் பெரிதுபடுத்தாதிருப்பதே பண்பு.

எல்லாவற்றிலும் பெரிய பூசல் வர்ணத்தைப் பற்றியது. ஒரு வருடம் இருந்தாலும் ஒரு மாத வாடகை, எட்டு வருடம் இருந்தாலும் ஒரு மாத வாடகை என்று பிடிப்பதில் கணக்கே இல்லை. ஒரு வருடத்தில் வர்ணம் பூசவேண்டிய தேவை எழுவதில்லை. எட்டு வருடத்திலோ, குடித்தனக்காரர் தொடாமலிருந்தாலும் வர்ணம் தன் ஆயுளை முடித்துக்கொண்டிருக்கும். பிடித்த பணத்திற்கு வர்ணம் பூசினார்களா என்று பார்த்தால், சில வீடுகளில் பழைய சுவரோடேயே அடுத்த குடித்தனம் வந்துவிடுகிறது. அவரிடமும் போகும்போது அதே தொகை பிடிக்கப்படும். பூசாத வர்ணத்திற்கு இருவர் பணம் கொடுத்தது எந்தக் கணக்கில் சேரும்?

ஓர் உதாரணக் கணக்கை எடுத்துக்கொள்வோம். வாடகை 20,000, முன்பணம் 2,00,000, குடியிருந்த காலம் 4 ஆண்டுகள். வர்ணத்தைப் பற்றி ஒப்பந்தத்தில் தனி வரி இல்லை. வீட்டுக்காரர் தரும் பட்டியல் இது: வீடு முழுதும் வர்ணம் 20,000, துப்புரவு 4,000, சமையலறைக் குழாய் 800, குளியலறைக் கதவின் அடிப்பகுதி இற்றுப்போனதற்கு 6,000, சன்னல் கண்ணாடி உடைந்ததற்கு 1,200, மின் கட்டணம் 3,000. ஆகமொத்தம் 35,000 ரூபாய்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வர்ணம் பொதுவில் உரிமையாளர் பொறுப்பு. ஆனால் கூடத்துச் சுவர் ஒன்றில் குழந்தை மெழுகு வண்ணக்கோலால் ஆள் உயரத்திற்குச் சித்திரம் தீட்டியிருக்கிறது. அந்த ஒரு சுவருக்கு 3,000 ரூபாய் ஆகும். குடிவந்தபோது பூசிய வர்ணத்தின் ஆயுளை ஐந்து ஆண்டு என்று கொண்டால், நான்கு ஆண்டுகள் முன்பே கழிந்துவிட்டன. எஞ்சிய ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 600 ரூபாய், குடித்தனக்காரரைச் சேரும். குழாய்த் திருகும் கண்ணாடியும் அட்டவணைப்படி அவருடையவை, 2,000 ரூபாய். குளியலறைக் கதவு ஈரத்தில் இற்றது தேய்மானம், அதற்கு ஒன்றுமில்லை. வீட்டைப் பெருக்கித் துடைத்திருந்தாலும் அடுப்பு மேடையின் எண்ணெய்ப் பிசுக்கை அப்படியே விட்டுவிட்டார்; அதற்கு 1,000 ரூபாய் வைக்கலாம். தமிழ்நாட்டில் மின் கட்டணம் இரண்டு மாதத்திற்கு ஒரு முறை கணக்கிடப்படுவதால், இவர் போனபின் வந்த பட்டியலில் அடுத்தவர் எரித்ததும் சேர்ந்திருக்கிறது. சாவி கொடுத்த நாளின் மீட்டர் எண்ணைக் கொண்டு பார்த்தால் இவர் பங்கு 2,000 என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் கூட்டினால் 5,600 ரூபாய். திருப்பிக் கொடுக்க வேண்டியது 1,94,400. பட்டியலின்படி கொடுத்தால் 1,65,000. இடையிலுள்ள 29,400 ரூபாய், ஒன்றரை மாத வாடகைக்கு நெருங்கிய தொகை.

இந்தக் கணக்கில் குடித்தனக்காரர் முற்றிலும் தப்பவுமில்லை. வீட்டுக்காரர் முற்றிலும் தோற்கவுமில்லை. ஒவ்வொரு வரிக்கும் காரணம் கேட்டதே இதில் நாம் செய்தது.

பிற நாடுகளிலும் இப்பூசல் உண்டு. சப்பான் நாட்டில் அரசாங்கம் 1998-ஆம் ஆண்டிலேயே இதற்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. வெயிலில் பாய்த்தரை வெளுப்பதும், மேசை நாற்காலி வைத்ததால் விரிப்பில் பள்ளம் விழுவதும், சுவரொட்டிக்குக் குத்திய சிற்றூசித் துளையும் உரிமையாளரைச் சேரும் என்று அது பிரித்தது. சுவர்ப் பலகையையே மாற்ற வேண்டிய அளவுக்கு ஆணியடித்தால் குடித்தனக்காரரைச் சேரும் என்றது. சுவரில் ஒட்டும் காகிதத்தின் மதிப்பு ஆறு ஆண்டில் ஒரே ஒரு யென்னாகத் தேய்ந்துவிடும் என்பதும் அந்நெறிகளில் கண்ட கணக்கு. சற்று முன் நாம் வர்ணத்திற்குப் போட்ட கணக்கும் இந்த வகையைச் சேர்ந்ததே. இயல்பான தேய்வுக்குக் குடித்தனக்காரர் பொறுப்பல்லர் என்பது திருத்தப்பெற்ற அந்நாட்டு உரிமையியல் சட்டத்திலேயே இடம்பெற்று, 2020-ஆம் ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

இங்கிலாந்தில் வேறொரு வழி கண்டார்கள். வழக்கமான தனியார் வாடகை வீடுகளுக்கு வாங்கும் முன்பணத்தை, அரசு ஏற்ற பாதுகாப்புத் திட்டம் ஒன்றின் கீழ்க் கொண்டுவர வேண்டும் என்று 2007-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் விதித்தார்கள். பூசல் எழுந்தால் அத்திட்டத்தின் நடுவரிடம் போகலாம். பணம் பிடிக்க விரும்பும் வீட்டுக்காரரே தக்க சான்று காட்ட வேண்டும். பழைய விரிப்புக்குப் பதில் புதிய விரிப்பின் முழு விலையைக் கேட்டால் நடுவர் ஒப்புவதில்லை. குடிவந்த நாளில் எழுதிய பட்டியலும் படங்களும் இல்லாத வீட்டுக்காரர் அங்கே தம் வாதத்தை நிலைநாட்டுவது கடினம்.

இவ்வளவிலிருந்தும் நாம் கொள்ள வேண்டியது ஒன்றே. காலி செய்யும் நாளின் கணக்கு, குடிவரும் நாளிலேயே எழுதப்பட வேண்டும். வீடு எந்த நிலையில் கொடுக்கப்பட்டது என்று தெரியாதபோது, எந்த நிலையில் திரும்பி வந்தது என்று எவ்வாறு அளப்பது?

ஆகவே பால் காய்ச்சுவதற்கு முன்பே இரு தரப்பாரும் சேர்ந்து ஒரு முறை வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் அறையிலும் சுவர், தரை, கதவு, சன்னல், விசிறி, விளக்கு, குழாய் ஆகியவற்றின் நிலைமையை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். இன்று எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது. விரிசல், கறை, ஓதம் எவையெவை உண்டோ அவற்றை அன்றே படம் பிடித்து இருவரும் வைத்துக்கொள்ளலாம். வர்ணம் எந்த மாதம் எந்த ஆண்டில் பூசியது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒப்பந்தத்தில் வர்ணத்தைப் பற்றிய வரியைக் கையெழுத்துக்கு முன் படித்துப் பேசித் தீர்க்க வேண்டும். "ஒரு மாத வாடகை" என்பதற்குப் பதிலாக, குடியிருந்த ஆண்டுகளைக் கணக்கிட்டு, சேதமான சுவருக்கு மட்டும் என்று எழுதச் சொல்வதில் குற்றமில்லை. அடுக்ககங்கள் சிலவற்றில் சாமான் ஏற்றி இறக்க மின்தூக்கியைப் பயன்படுத்துவதற்கென்று குடியிருப்போர் சங்கம் ஒரு தொகை வாங்குவதுண்டு. அதனையும் முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நலம்.

போகும் காலத்தில், ஒப்பந்தத்தில் கண்ட அறிவிப்பை எழுத்தில் கொடுத்துவிட்டு, கடைசி வாடகையையும் தவறாது செலுத்த வேண்டும். சாமான்களை ஏற்றுவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே வீட்டுக்காரரை அழைத்துச் சுற்றிக் காட்டினால், குறைகளைத் தாமே ஆள் வைத்துத் திருத்திக்கொள்ள வசதியிருக்கும். தச்சரும் குழாய் வேலைக்காரரும் வாங்குகிற கூலியை அப்போது இருவரும் அறிவார்கள். சாவி கொடுக்கும் நாளில் மின் மீட்டரின் எண்ணைப் படம் பிடித்துக்கொண்டு, சாவி பெற்றதற்கு ஒரு வரி எழுதி வாங்க வேண்டும்.

வீட்டுக்காரர் செய்ய வேண்டியவையும் உண்டு. வாங்கிய முன்பணம் தம்முடையதன்று, திருப்பித் தரவேண்டியது என்ற எண்ணத்தோடு ஒரு பகுதியையாவது வங்கியில் தனியே போட்டு வைத்தால், அடுத்த குடித்தனக்காரரை எதிர்பார்த்துக் காத்திருக்க நேராது. பிடிக்கும் தொகை ஒவ்வொன்றிற்கும் ரசீது காட்ட வேண்டும். வேலை முடியாவிட்டால் மதிப்பீட்டையாவது எழுத்தில் தரவேண்டும். "எல்லாரும் பிடிப்பதுதானே" என்பது கணக்காகாது. விவகாரமில்லாத தொகையை உடனே கொடுத்துவிட்டு, விவகாரமுள்ளதை மட்டும் நிறுத்திவைத்துப் பேசுவது அறிவுடைமை. 2,000 ரூபாய் வழக்குக்காக 2,00,000 ரூபாயை மறித்து வைப்பது பிறர் குடும்பத்தைத் தெருவில் நிறுத்துவதாகும்.

இவ்வளவும் செய்தபின்னும் ஒப்பாதவர் இருந்தால், கணக்கைக் கேட்டு எழுத்தில் ஓர் அறிவிப்பு அனுப்பலாம். அதற்கும் பயனில்லையெனில், ஒப்பந்தத்தையும் சான்றுகளையும் எடுத்துக்கொண்டு வழக்கறிஞரையோ இலவசச் சட்ட உதவி மையத்தையோ நாடலாம். ஆனால் சிறு தொகைக்காக நீதிமன்றம் ஏறி இறங்க எல்லாராலும் இயலாது என்பதையும் நாம் அறிவோம். அதனால்தான் முதல் நாளில் எழுதும் ஒரு தாளுக்கு இவ்வளவு மதிப்பு.

கையெழுத்துக் கேட்பது அவமதிப்பு என்று எண்ணும் மனப்பான்மை நம்மிடம் இருக்கிறது. "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டுவிடுவார்களே என்ற அச்சத்தால் பட்டியல் எழுதாமல் விட்டுவிடுகிறோம். நம்பிக்கைக்கு எழுத்து பகையன்று. வாய்ச்சொல்லை மறதி மாற்றிவிடும். நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கண்ணாடியில் விரிசல் இருந்ததா என்று நேர்மையாளர் இருவரே இருவிதமாகச் சொல்லக்கூடும். எழுதி வைத்த தாள் அந்த இருவரின் நேர்மையையும் காப்பாற்றுகிறது.

குடித்தனம் போனவர் அந்தத் தெரு வழியே என்றேனும் நடந்து வருவார். வீட்டுக்காரர் திண்ணையிலோ மாடி முகப்பிலோ நின்றுகொண்டிருப்பார். ஒருவர் பெயரைச் சொல்லி ஒருவர் அழைத்து நலம் விசாரிக்கும்படி அந்த உறவு எஞ்ச வேண்டுமானால், கணக்கு வரவேண்டிய காலத்தில் வரவேண்டும். குடிவரும் முதல் நாளே அதற்குரிய காலம்.